சம்பளம் ஏறினாலும் வேலை ஏறவில்லையா? இளையோருக்கு வழிகாட்டும் முன் கவனிக்க வேண்டியவை

சுங்கை சிப்புட் - எஸ்.பி.எம். முடித்த கையோடு பேரங்காடியிலோ தொழிற்சாலையிலோ பாதுகாவலர் பணியிலோ சேர்ந்து, ஐந்து ஆண்டுகள் கழித்தும் அதே இடத்தில் நிற்கும் பிள்ளைகளின் கதை இங்குள்ள பல குடும்பங்களுக்குப் புதிதல்ல. "வேற நல்ல வேலையா பாரு" என்பார் மாமா. "இருக்கிறதையும் விட்டுடாதப்பா" என்பார் அம்மா. இரண்டும் அக்கறையில் வரும் பேச்சுதான். ஆனால் அடுத்து என்ன செய்வது என்பதை இரண்டுமே சொல்வதில்லை.

நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதம் 1,500 ரிங்கிட்டாகவும், 2025 பிப்ரவரி முதல் கட்டங்கட்டமாக 1,700 ரிங்கிட்டாகவும் உயர்ந்தது. இந்த உயர்வு சட்டத்தால் வந்தது. ஐந்து ஆண்டு அனுபவம் உள்ளவருக்கும் நேற்று சேர்ந்தவருக்கும் அதே 1,700 என்றால், அந்த அனுபவத்துக்கு முதலாளி தனியாக எதுவும் கொடுக்கவில்லை என்றே பொருள். இ.பி.எஃப்., சொக்சோ பிடித்தம் போகக் கையில் வருவது சுமார் 1,500 ரிங்கிட். அதில்தான் மோட்டார் சைக்கிள் தவணையும் வீட்டுச் செலவும்.

ஆகவே பிள்ளையிடம் பேச உட்காரும்போது முதலில் கேட்க வேண்டியது, "ஏன் இன்னும் அங்கேயே இருக்கே?" என்பதல்ல. மூன்று கேள்விகள் போதும். இந்த வேலையில் என்ன கற்றுக்கொண்டாய்? உனக்கு மேலே இருப்பவர் எப்படி அந்த இடத்துக்கு வந்தார்? மாதம் எவ்வளவு இல்லாவிட்டால் வீடு தடுமாறும்? முதல் கேள்விக்கு உருப்படியான பதில் இருந்தால், கையில் ஒரு தொழில் இருக்கிறது. அதற்குச் சான்றிதழ்தான் இல்லை. பதில் இல்லாவிட்டால், புதிதாக ஒன்றைக் கற்க வேண்டும்.

தொழில் தெரிந்தவருக்கு மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்.கே.எம்., பெற ஒரு வழி உண்டு. முந்தைய சாதனைக்கான அங்கீகாரம் எனப்படும் பி.பி.தி. முறையில், வேலை அனுபவத்தை ஆவணங்களோடு தொகுத்து மதிப்பீட்டுக்கு அனுப்பலாம். வேலையை விட்டுவிட்டு வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. வெல்டிங், வாகனப் பழுதுபார்ப்பு, குளிர்சாதனப் பொருத்தம் போன்றவற்றைப் பட்டறையிலேயே பழகியவர்களுக்கு இது பொருந்தும். சான்றிதழை வழங்குவது மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறை.

புதிதாகக் கற்க விரும்புவோர், நிறுவனத்தில் வேலை செய்தபடியே அலவன்ஸுடன் பயிலும் எஸ்.எல்.டி.என். திட்டத்தைப் பற்றி விசாரிக்கலாம். முழுநேரப் பயிற்சிக்கு ஈப்போவிலுள்ள தொழிற்பயிற்சிக் கழகமும் உங்கு ஓமார் பாலிடெக்னிக்கும், உள்ளூரில் சுங்கை சிப்புட் சமூகக் கல்லூரியும் இருக்கின்றன. எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்க மலாய்மொழி, வரலாறு இரண்டிலும் தேர்ச்சி கட்டாயம். அவற்றில் தவறியவர்கள் அந்தப் பாடங்களை மட்டும் மீண்டும் எழுதலாம். ஒரே பாடத்தால் அடைபட்டுக் கிடக்கும் கதவு பல நேரங்களில் இப்படித் திறக்கும்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. அடுத்த இடம் உறுதியாகும் முன் கோபத்தில் வேலையை விடக்கூடாது. சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டம் வேலை இழந்தவர்களுக்கு உதவுமே தவிர, தாமாக விலகியவர்களுக்கு அல்ல. விலகும்போது முறைப்படி அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் குறிப்பிடாவிட்டால், 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குக் குறைந்த பணிக்கு 4 வாரம், ஐந்து ஆண்டுக்குக் குறைந்ததற்கு 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம். தனியார் பயிற்சி மையத்தில் சேரும் முன், அந்தக் குறிப்பிட்ட பயிற்சிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று திறன் மேம்பாட்டுத் துறையிடம் கேட்டறிய வேண்டும். பயிற்சிக்கு எடுக்கும் பி.தி.பி.கே. கடன் திருப்பிச் செலுத்த வேண்டிய கடன்தான் என்பதையும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தித் தோட்டத்தில் பங்குதாரர் ஆனார்கள். வேலையை விட்டுவிட்டு அதைச் செய்யவில்லை; வேலையில் இருந்துகொண்டே செய்தார்கள்.

இன்றைய பிள்ளைக்கும் அதே வழி பொருந்தும். வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கி, ஓராண்டில் ஒரு சான்றிதழ் என்று தொடங்கலாம். விண்ணப்பப் பாரத்தை நிரப்பவும் முதல் நாள் கூடவே போகவும் வீட்டில் ஒருவர் முன்வந்தால், அதுவே நூறு அறிவுரைக்குச் சமம்.