பஞ்சும் படையும்: உள்நாட்டுத் தொழிற்கொள்கையும் நாட்டின் பாதுகாப்பும்

இராசபாளையத்திற்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் தேவதானம். இச்சொல் ஓர் ஊரின் பெயராவதற்கு முன்பே ஒரு கொள்கையின் பெயராக விளங்கியது. கோயிலுக்கென விடப்பட்ட நிலத்தையே பண்டைய கல்வெட்டுகள் தேவதானம் என்று குறிக்கின்றன. அந்நிலத்தின் வருவாயை அரசு தன் கருவூலத்தில் சேர்க்காமல் விட்டுக்கொடுத்தது. அதனால் விளக்குகள் எரிந்தன. அறப்பணிகள் தலைமுறை கடந்து நின்றன. இஸ்லாமிய மரபில் 'வக்ஃபு' என்னும் அறநிலையும் இத்தகைய நெடுநோக்கில் பிறந்ததே ஆகும். இன்றைய வருவாயில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து நாளைய உறுதியைத் தேடிக்கொள்ளும் இக்கருத்தை ஒரு நாட்டின் தொழில்களுக்கும் பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாட்டின் பாதுகாப்பு என்றவுடன் எல்லைக்காவலும் படைக்கலன்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. வள்ளுவப் பெருந்தகையோ நாட்டை இன்னும் விரிவாக நோக்கினார். திருக்குறளின் பொருட்பாலில் 74 முதல் 77 வரையுள்ள அதிகாரங்களின் வரிசையை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். நாடு, அரண், பொருள் செயல்வகை, படைமாட்சி என்பன அவை. கோட்டைக்கும் படைக்கும் இடையே பொருளீட்டும் நெறி வைக்கப்பட்டுள்ளது. திருக்குர்ஆனும் நபி தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதையும், போர்க்கவசம் செய்யும் கலை அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டதையும் கூறுகின்றது. ஆட்சியாளரே கைத்தொழில் அறிந்தவராக இருந்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

சத்திரப்பட்டியின் கட்டுத்துணி

இராசபாளையம் நூற்பாலைகளுக்குப் பெயர்பெற்ற நகரம். பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936இல் தோற்றுவித்த இராசபாளையம் மில்ஸ் இத்தொழில் இங்கு வேரூன்ற வழிகோலியது. இந்நகரை அடுத்த சத்திரப்பட்டியிலும் அதன் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் விசைத்தறிகளில் நெய்யப்படுவது பட்டோ சேலையோ அன்று. மருத்துவமனைகளில் புண்ணுக்குக் கட்டும் துணியாகும்.

எளிதாகத் தோன்றும் இத்துணியின் பின்னே நுட்பமான தொழிலறிவு உண்டு. காற்றோட்டம் இருக்கவேண்டும் என்பதற்காகப் பாவும் ஊடும் நெருக்கமின்றி நெய்யப்படுகின்றன. பருத்தி நாரின்மேல் இயற்கையாகவே ஒருவகை மெழுகு படிந்திருப்பதால், பக்குவப்படுத்தாத பஞ்சு நீரில் போட்டால் மிதக்கும், குருதியை உறிஞ்சாது. ஆதலின் துணியைக் காரநீரில் வேகவைத்து மெழுகையும் கஞ்சியையும் நீக்கி, வெளுத்து, பலமுறை அலசி, உலர்த்தி, அளவாக வெட்டிச் சுருட்டுகின்றனர். இழைகளின் எண்ணிக்கையும் எடையும் உறிஞ்சும் திறனும் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதற்கு மருந்துச் சட்டத்தின் கீழ் விதிமுறைகள் உள்ளன.

போர்க்களத்தில் காயம்பட்ட வீரனுக்கு முதலில் தேவைப்படுவது இக்கட்டுத்துணியே. துப்பாக்கி இன்றிப் போரிட இயலாது என்பதை எல்லோரும் அறிவர். கட்டுத்துணி இன்றியும் நெடுநாள் போரிட இயலாது என்பதைச் சிலரே எண்ணுகின்றனர்.

ஒரே பஞ்சு, இரு பயன்கள்

பஞ்சு காயத்தைக் கட்டவும் பயன்படுகிறது. காயத்தை உண்டாக்கவும் பயன்படுகிறது. நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் சேர்ந்த கலவையில் பஞ்சை ஊறவைத்தால் அது நைட்ரோசெல்லுலோஸ் என்னும் வெடிபஞ்சாக மாறிவிடும். 1840களில் ஷோன்பைன் என்னும் வேதியியல் அறிஞர் கண்டறிந்த இப்பொருளே குண்டுகளை உந்தித் தள்ளும் புகையில்லா வெடிமருந்துக்கு அடிப்படையாயிற்று. நீலகிரியில் அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்டதும் கார்டைட் என்னும் இத்தகைய மருந்தைச் செய்வதற்கே.

முதல் உலகப்போரில் இவ்வுண்மை வெளிப்பட்டது. 1915இல் பிரிட்டன் பருத்தியைப் போர்த்தடைப் பொருளாக அறிவித்து, அது செர்மனிக்குச் செல்லாமல் கடல்வழியில் தடுத்தது. பிரிட்டனிலேயே மருத்துவப் பஞ்சுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, சதுப்பு நிலங்களில் வளரும் ஸ்பேக்னம் என்னும் பாசியைச் சேகரித்துக் காயங்களுக்குக் கட்டினர்.

ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் நிலை பெரிதும் மாறவில்லை. உக்ரைனுக்குப் பன்னிரண்டு மாதங்களில் 10 இலட்சம் பீரங்கிக் குண்டுகள் வழங்குவதாக 2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் உறுதி கூறியது. கெடு முடிந்தபோது ஏறத்தாழப் பாதியளவே வழங்க முடிந்தது. ஐரோப்பாவிடம் பணம் இருந்தது. பொறியியல் அறிவும் இருந்தது. நெடுங்காலம் குறைந்த அளவிலேயே இயங்கிவந்த ஆலைகளை ஒரே ஆண்டில் பெருக்க இயலவில்லை. அதனோடு, வெடிமருந்துக்கு வேண்டிய பருத்திக் குறுநாருக்குச் சீனாவையே அவர்கள் பெரிதும் சார்ந்திருந்தமையும் அப்போது வெளிச்சத்திற்கு வந்தது. பருத்தி விதையில் ஒட்டிக்கொண்டிருக்கும் அற்பமான பஞ்சு, வல்லரசுகளின் கவலைக்குரிய பொருளாகிவிட்டது.

வரிச்சுவரும் தொழிலறிவும்

அவ்வாறாயின் அயல்நாட்டுப் பொருளுக்கு வரி விதித்துவிட்டால் உள்நாட்டுத் தொழில் தானே வளர்ந்துவிடுமா? இவ்வினாவிற்கு விடைகாண நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. நம் மாவட்டத்துச் சிவகாசியே விடை தருகின்றது.

1922இல் இறக்குமதியாகும் தீக்குச்சிகளுக்கு வரி உயர்த்தப்பட்டது. அவ்வரிச்சுவரைக் கண்டு சுவீடன் நாட்டு நிறுவனம் திரும்பிச் செல்லவில்லை. 1923இல் விம்கோ நிறுவனத்தை இந்தியாவிலேயே தொடங்கிச் சுவருக்கு உள்ளே வந்து அமர்ந்துகொண்டது. அக்காலத்திலேயே சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். வரி ஒரு வாய்ப்பைத் தந்தது. அவ்விருவர் தேடிச் சென்று பெற்ற தொழிலறிவே சிவகாசியைத் தொழில் நகரமாக்கியது. பிற்காலத்தில் சிறிய ஆலைகளுக்குக் கலால் வரி குறைவாக விதிக்கப்பட்டமையும் அவை நிலைத்து நிற்க உதவிற்று.

எனவே தொழிற்கொள்கை என்பது இறக்குமதி வரி ஒன்றைமட்டும் குறிப்பதன்று. மூலப்பொருள் கிடைக்கச் செய்தல், தொழிற்பயிற்சி அளித்தல், கடனுதவி, தரக்கட்டுப்பாடு, அரசே நிலையாகக் கொள்முதல் செய்தல் ஆகிய அனைத்தும் அதன் உறுப்புகளாகும். தீப்பெட்டித் தொழிலின்மேல் படிந்த குழந்தை உழைப்பு என்னும் கறையையும் நாம் மறத்தலாகாது. பாதுகாப்பின் பெயரால் தொழிலாளியின் வாழ்வைப் பாதுகாவாத தொழில், நாட்டைப் பாதுகாக்கும் என்று எங்ஙனம் கூற இயலும்?

கட்டுத்துணி நம்முடையது, மருந்து யாருடையது?

2020இல் கொரோனா பெருந்தொற்று பரவியபோது பல நாடுகள் முகக்கவசத்தையும் பாதுகாப்பு உடையையும் பிறநாடுகளுக்கு அனுப்பாமல் தடுத்து வைத்தன. நம் நாடும் அவ்வாண்டு சனவரி இறுதியிலேயே ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. தொடக்கத்தில் பாதுகாப்பு உடைகளைப் பெயரளவிற்கே செய்துவந்த இந்தியா, மே மாதத்திற்குள் நாளொன்றுக்கு 2 இலட்சத்திற்கும் மேற்பட்ட உடைகளைச் செய்யலாயிற்று. நூற்பும் நெசவும் தையலும் அறிந்த கைகளும் ஆலைகளும் முன்னரே இருந்தமையால்தான் இது இயன்றது. திருப்பூரும் கோவையும் அன்று செய்த பணி எல்லைக்காவலுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. சத்திரப்பட்டித் துணியைச் சுற்றுவதற்கு முன் புண் ஆறுவதற்குத் தரும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை எண்ணிப் பாருங்கள். 1954இல் புனேக்கு அருகிலுள்ள பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ் என்னும் அரசு நிறுவனம் பெனிசிலின் செய்வதற்கென்றே தொடங்கப்பட்டது. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் நம் மருந்து நிறுவனங்களுக்கு உரமூட்டியது. உலகிற்கே மருந்து வழங்கும் நாடாக நாம் உயர்ந்தோம். ஆயினும் 1990களுக்குப் பின் மலிவான சீன இறக்குமதிக்கு ஈடுகொடுக்க இயலாமல் மூலமருந்து ஆலைகள் பல மூடப்பட்டன. மாத்திரை நம் நாட்டில் உருப்பெறுகிறது. அதன் மூலப்பொருளுக்கு அயலாரை நோக்கி நிற்கிறோம். விலை மலிவு என்று விட்டுவிட்ட ஒன்றை மீண்டும் பெறுவதற்கு 2020இல் உற்பத்திசார் ஊக்கத்தொகைத் திட்டம் தேவைப்பட்டது. 2024இல் ஆந்திர மாநிலம் காக்கிநாடா அருகே பெனிசிலின்-ஜி ஆலை திறக்கப்பட்டது. ஓர் ஆலையை மூடுவதற்குச் சில மாதங்கள் போதும். அதன் தொழிலறிவை மீட்டெடுப்பதற்கு ஒரு தலைமுறைக் காலம் ஆகிறது.

அரண்மனையிலா, தெருவிலா?

படைக்கலத் தொழிலை அரசே தன் கையில் வைத்துக்கொள்வது நல்லதா, மக்களிடையே பரவவிடுவது நல்லதா என்பது அடுத்த வினா. 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் படையினர் ஏவிய இரும்புக்குழல் இராக்கெட்டுகள் ஆங்கிலேயரைத் திகைக்கச் செய்தன. 1799இல் சீரங்கப்பட்டினம் வீழ்ந்தபின் அவை இங்கிலாந்தின் உல்விச் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டன. அங்கே வில்லியம் காங்கிரீவ் அவற்றை ஆராய்ந்து புதிய இராக்கெட்டுகளைச் செய்தார். அரசையே சார்ந்திருந்த தொழில் அரசோடு வீழ்ந்தது; அதன் அறிவோ வென்றவரின் நாட்டில் வளர்ந்தது.

விடுதலை பெற்ற இந்தியாவில் 1956ஆம் ஆண்டின் தொழிற்கொள்கைத் தீர்மானம் படைக்கல உற்பத்தியை அரசுக்கே உரியதாக்கியது. ஆவடியில் பீரங்கி வண்டித் தொழிற்சாலையும் திருச்சிராப்பள்ளியில் துப்பாக்கித் தொழிற்சாலையும் 1960களில் எழுந்தன. 2001இல் இத்துறை தனியாருக்கும் திறந்துவிடப்பட்டது. 2019இல் திருச்சிராப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து நகரங்களை இணைக்கின்றது. சிறு பட்டறைகளும் படைக்குரிய உறுப்புகளைச் செய்து தரவேண்டும் என்பதே இதன் கருத்து. இவ்வரிசையில் இராசபாளையம் இல்லை. எனினும் இவ்வட்டாரத்துத் தறிகள் நாட்டின் காப்பில் பங்கு கொண்டுள்ளன என்பதை மேற்கூறியவற்றால் அறியலாம்.

எதனைக் காப்பது?

எல்லாப் பொருளையும் உள்நாட்டிலேயே செய்ய முனைவது அறிவுடைமை ஆகாது. போட்டியே இல்லாத தொழில் சோம்பிவிடும். தரமற்ற பொருளுக்கு மக்கள் மிகுவிலை கொடுக்க நேரும். ஆதலின் எதனைக் காப்பது என்று தேர்ந்தெடுக்க ஓர் அளவுகோல் வேண்டும். மூன்று வினாக்களை நாம் எழுப்பலாம். அப்பொருள் ஒரு மாதம் வாராது நின்றால் உயிரிழப்பு நேருமா? அதனைத் தரும் நாடு ஒன்றேதானா? அத்தொழிலை விட்டுவிட்டால் மீண்டும் கற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆகுமா? மூன்றுக்கும் 'ஆம்' என்பதே விடையாயின், அத்தொழிலைக் காக்க ஆகும் செலவைப் படைச்செலவாகவே கருதுதல் வேண்டும்.

கட்டுத்துணியை இவ்வளவுகோலால் அளப்போம். அது உயிர்காக்கும் பொருள் என்பதில் ஐயமில்லை. இன்று அதற்காக நாம் அயல்நாட்டை எதிர்நோக்கி நிற்கவில்லை. அது நமது நற்பேறு. ஆனால் நூல்விலை திடீரென ஏறுமாயின் சிறுதறியாளர் முன்னர் ஒப்புக்கொண்ட விலைக்குத் துணி தர இயலாது தறியை நிறுத்துகின்றனர். தறி நின்றால் நெசவாளர் வேறு பிழைப்பு நாடிச் செல்வர். அவர்தம் பிள்ளைகள் அத்தொழிலைக் கற்கமாட்டார்கள். நாம் உறங்கும்போதே ஓர் அரண் இவ்வாறு ஓசையின்றிச் சரிந்துவிடக்கூடும். பெனிசிலினுக்கு நேர்ந்தது இதுவே. நூல்விலையில் நிலைத்தன்மையும், அரசு மருத்துவமனைகளும் படைத்துறையும் உரிய விலையில் நெடுங்கால ஒப்பந்தத்தின்படி வாங்குவதும் இத்தொழிலுக்கு இன்றியமையாதவை.

நிறைவாக, தேவதானம் என்னும் சொல்லுக்கே மீண்டும் வருவோம். நிலத்தின் வருவாயை விட்டுக்கொடுத்த அரசு, அவ்வாண்டுக் கணக்கில் இழப்பைத்தான் கண்டிருக்கும். இழந்ததாக எழுதப்பட்ட அத்தொகையே பல நூற்றாண்டு நிலைபேற்றுக்கு விலையாயிற்று. உள்நாட்டுத் தொழிலுக்கு அரசு தரும் ஆதரவும் இத்தகையதே. வருங்காலத்தில் ஆட்சிப் பணிக்கும் ஆலைப் பணிக்கும் செல்லவிருக்கும் நம் மாணவச் செல்வங்கள், மலிவு என்னும் ஒரே கோலால் எதனையும் அளவாமல், இடர் வரும் நாளில் இப்பொருள் நம் கையில் இருக்குமா என்றும் கேட்கப் பழகுதல் வேண்டும். எல்லையில் நிற்கும் வீரனும் சத்திரப்பட்டியில் தறியின் முன் நிற்கும் தொழிலாளியும் ஒரே அரணின் இரு பக்கங்களைக் காத்து நிற்கின்றனர் என்பதை உணர்வோமாக.