மஞ்சள் வாயு

கரிம அமிலம் ஒன்றை ஈதரில் கரைத்து வைத்து, அதில் ஒரு மஞ்சள் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார் வேதியியலாளர். விழும் ஒவ்வொரு சொட்டும் நுரைத்து நிறமிழக்கிறது. பிறகு ஒரு சொட்டின் மஞ்சள் மறையாமல் தங்குகிறது. அமிலம் முழுவதும் மெத்தில் எஸ்டராகிவிட்டதற்கு அதுவே அடையாளம். சூடேற்றவில்லை, வினையூக்கி சேர்க்கவில்லை. மிஞ்சிய மஞ்சளைச் சிறிது அசெட்டிக் அமிலத்தால் அழித்து, ஈதரை ஆவியாக்கினால் வேலை முடிந்தது.

அந்த மஞ்சள் பொருளின் பெயர் டையசோமீத்தேன். ஜெர்மானிய வேதியியலாளர் ஹான்ஸ் ஃபான் பெக்மான் 1894-இல் இதைக் கண்டறிந்தார். ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், இரண்டு நைட்ரஜன். மொத்தம் ஐந்தே அணுக்கள். கொதிநிலை மைனஸ் 23 டிகிரி செல்சியஸ் என்பதால் அறை வெப்பத்தில் இது வாயு.

இதன் குணம் அனைத்தும் அந்த நைட்ரஜன் இணையில் இருக்கிறது. கார்பனை விட்டு நைட்ரஜன் வாயுவாகப் பிரிந்துபோக அது எப்போதும் தயாராக நிற்கிறது. அமிலம் ஒரு புரோட்டானைக் கொடுத்ததும் மெத்தில் தொகுதி அமிலத்தோடு ஒட்டிக்கொள்கிறது, நைட்ரஜன் குமிழியாக வெளியேறுகிறது. கழிவு என்று வருவது நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் இருக்கும் அதே வாயுதான். இவ்வளவு சுத்தமாக நடக்கும் வினைகள் கரிம வேதியியலில் குறைவு.

பெக்மான் இன்னொன்றையும் பார்த்தார். 1898-இல் டையசோமீத்தேன் கரைசலில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. பின்னாளில் உலகத்தை நிறைத்த பாலித்தீனின் சங்கிலியமைப்பு கொண்ட பொருள் அது. அதன் பயனை அன்று யாரும் உணரவில்லை.

1935-இல் வெளிவந்த ஆர்ன்ட்–ஐஸ்டர்ட் முறை இந்த வாயுவின் மதிப்பை உயர்த்தியது. ஓர் அமிலத்தின் சங்கிலியைச் சரியாக ஒரே ஒரு கார்பன் அளவுக்கு நீட்டும் வழி அது. ஃபிரிட்ஸ் ஆர்ன்ட் நாஜி ஆட்சியில் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகப் பதவியை இழந்து இஸ்தான்புல்லில் புகலிடம் தேடியவர். ஒரு கார்பனைக் கூட்டும் இதே திறமை பின்னர் மருந்துத் தொழிலுக்கும் உதவியது. எச்ஐவி மருந்தான நெல்ஃபினவிரின் இடைநிலைப் பொருளைத் தொழிற்சாலை அளவில் செய்ய டையசோமீத்தேன் பயன்பட்டது.

பிரிந்துபோகத் துடிக்கும் அந்த நைட்ரஜனே ஆபத்துக்கும் காரணம். சொரசொரப்பான கண்ணாடி மூட்டு, கீறல் விழுந்த குடுவை, கூரான விளிம்பு, கடும் வெளிச்சம் ஆகியவற்றில் எது பட்டாலும் வெடிக்கலாம். ஆகவே தீயில் காட்டி விளிம்புகளை மழுக்கிய தனிக் கண்ணாடிக் கருவிகளில் மட்டுமே இதைத் தயாரிக்கிறார்கள். கரைசலை உலர்த்தக் கால்சியம் சல்ஃபேட் கூடாது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வில்லைகள்தான். சேமித்து விற்கும் பொருளும் அல்ல இது. டையசால்ட் என்ற திடப்பொருளோடு காரம் சேர்த்து, வெளிவருவதை ஈதரோடு காய்ச்சி வடித்து, வெடிப்புத் தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் உடனடியாகப் பயன்படுத்தித் தீர்த்துவிடுகிறார்கள்.

வெடிப்பாவது சத்தம் போடும். நஞ்சு அப்படியல்ல. பணியிடக் காற்றில் அமெரிக்கா அனுமதிக்கும் வரம்பு பத்து லட்சம் பங்குக்கு 0.2 பங்கு. அதிகம் சுவாசித்தவர் முதலில் இலேசான இருமலோடு வீடு திரும்பக்கூடும். சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கும்.

வெடிக்காத மாற்றாக வந்தது டிரைமெத்தில்சிலைல் டையசோமீத்தேன். மஞ்சள்–பச்சை நிறத் திரவம். கரைசலாகப் புட்டியில் விற்பனைக்குக் கிடைக்கும். "பாதுகாப்பானது" என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. வெடிக்காது என்ற அளவில் அது உண்மை. ஆனால் மெத்தனாலுடன் சேரும்போது அது விடுவிப்பது டையசோமீத்தேனையே. நுரையீரலைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். 2008-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஒரு வேதியியலாளர் இந்த மாற்றுப் பொருளைக் கையாண்டு இறந்தார். கூரைப் பணிக்காக அன்று புகைபோக்கிக் கூண்டுகளின் காற்றோட்டம் நிறுத்தப்பட்டிருந்தது. அதே ஆண்டில் நியூஜெர்சியில் இன்னொருவரும் உயிரிழந்தார். புகையை இழுக்கும் கூண்டு ஓடவில்லை என்றால் இந்தப் புட்டியை யாரும் திறக்கவே கூடாது. அந்த வேலை ஒரு நாள் தள்ளிப்போவதால் எந்த ஆய்வும் கெட்டுவிடாது.

இப்போது ஆய்வாளர்கள் வேறு பாதையில் போகிறார்கள். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஆலிவர் காப்பேயின் குழு, வாயுவை மட்டும் ஊடுருவவிடும் டெஃப்லான் வகைக் குழாயைப் பயன்படுத்தியது. குழாய்க்குள் டையசோமீத்தேன் உருவாகிறது. சுவர் வழியே கசிந்து, வெளியே காத்திருக்கும் அமிலத்தோடு உடனே வினைபுரிகிறது. காய்ச்சி வடிக்கும் கட்டமே இல்லை. எந்த நொடியிலும் மிகச் சிறிய அளவே இருப்பதால், குடுவை நிறைய மஞ்சள் கரைசலோடு யாரும் நிற்க வேண்டியதில்லை.