ஸ்டார்ட் பட்டன் மட்டும் ஏன் கேட்க மாட்டேன் என்கிறது?

நாலைந்து வருடம் ஓடிய மைக்ரோவேவ் அவனின் முகத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். 'பீட்சா', 'பாப்கார்ன்' என்று எழுதிய பட்டன்கள் வாங்கிய அன்று இருந்தது போலவே பளிச்சென்று இருக்கும். அவற்றை யாரும் தொட்டிருக்கவே மாட்டார்கள். 'ஸ்டார்ட்' பட்டன் மட்டும் எழுத்து அழிந்து, நகம் படும் இடத்தில் பிறை வடிவில் வெடித்திருக்கும். அந்த வெடிப்புக்குள் மஞ்சள் தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கறுத்துக் கிடக்கும். முதலில் இரண்டு தடவை அழுத்தினால் கேட்கும். பிறகு கட்டைவிரலால் குத்தினால்தான் கேட்கும். அப்புறம் குத்தினாலும் கேட்காது.

சர்வீஸ்காரர் வருவார். நாலு பட்டனைத் தட்டிப் பார்ப்பார். "பேனல் போயிடுச்சுக்கா. போர்டோட மாத்தணும். அந்தக் காசுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்பார்.

அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். பேனல் என்று அவர் சொல்வது ஒரு பொருள் அல்ல, இரண்டு. முகப்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று. அதன் பின்னால் இருக்கும் சர்க்யூட் போர்டு இன்னொன்று. தாளை 'மெம்பரேன்' என்பார்கள். பல மாடல்களுக்கு அது தனியாகவே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. போர்டின் விலை ஆயிரங்களில். பட்டன் தகராறுகளில் பெரும்பாலும் கெட்டிருப்பது அந்த மலிவான தாள்தான். அதற்காக மொத்த அவனையும் காயலான் கடைக்கு அனுப்புவது அநியாயம்.

அந்தத் தாளுக்குள் என்னதான் இருக்கிறது? இரண்டு பாலியஸ்டர் படலங்கள். நடுவில், பட்டன் வரும் இடங்களில் மட்டும் துளை போட்ட மூன்றாவது படலம். மேல் படலத்தின் அடியிலும் கீழ்ப் படலத்தின் மேலும் வெள்ளி கலந்த மையால் மின்கோடுகளை அச்சடித்திருப்பார்கள். விரல் அழுத்தும்போது மேல் கோடு துளை வழியே இறங்கிக் கீழ்க் கோட்டைத் தொடும். எடுத்தால் விலகிவிடும். சில மாடல்களில் இடையில் குட்டி உலோகக் குமிழ் ஒன்று இருக்கும். 'டிக்' என்று விரலுக்குத் தெரிவது அதனால்தான்.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. 24 பட்டன் இருந்தால் 24 தனி வயர் இழுப்பதில்லை. ஆறு கோடுகள் குறுக்காக, நான்கு கோடுகள் நெடுக்காக ஓடும். அவை வெட்டிக்கொள்ளும் 24 இடங்களும்தான் பட்டன்கள். பத்துக் கோடுகளும் ஒரு நாடாவாகத் திரண்டு, போர்டிலுள்ள கனெக்டரில் செருகியிருக்கும். எந்தக் குறுக்குக் கோடு எந்த நெடுக்குக் கோட்டைத் தொட்டது என்று போர்டில் உள்ள சிப் ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

இது புரிந்துவிட்டால் ஸ்க்ரூ டிரைவரைத் தொடாமலே நோயைப் பாதி கண்டுபிடித்துவிடலாம். ஒவ்வொரு பட்டனாக அழுத்தி, பீப் சத்தம் வருகிறதா என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பட்டன் மட்டும் ஊமை என்றால் அந்த இடத்துத் தொடுமுனை தேய்ந்திருக்கிறது. ஒரு வரிசை முழுக்க ஊமை என்றால் ஏதோ ஒரு கோடு அறுந்திருக்கிறது, அல்லது நாடாவின் ஒரு முனை கனெக்டரில் சரியாக உட்காரவில்லை. தாளுக்குள் கோடுகள் வளைந்து வளைந்து ஓடுவதால், ஒரே கோட்டைப் பகிரும் பட்டன்கள் சில மாடல்களில் அக்கம்பக்கத்தில் இல்லாமல் சிதறிக் கிடக்கும். அதையும் மனதில் வையுங்கள். எந்தப் பட்டனும் கேட்கவில்லை, ஆனால் திரையில் மணி ஓடுகிறது என்றால் நாடா கழன்றிருக்கலாம், போர்டு தவறியிருக்கலாம். அல்லது வீட்டுக் குட்டி சைல்டு லாக்கைப் போட்டிருக்கலாம். திரையில் பூட்டு அடையாளமோ 'எல்' எழுத்தோ தெரிந்தால் ஸ்டாப் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். பல மாடல்களில் அதிலேயே விடுபடும். இதற்குப் போய் சர்வீஸ் சார்ஜ் அழுதவர்கள் ஏராளம்.

மின்தடைக்குப் பிறகு திடீரென்று பேனல் உறைந்துபோனால், பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் கழித்துச் செருகுங்கள். கரண்ட் வந்து வந்து போகும்போது சிப் குழம்பிப்போய் நிற்பது உண்டு.

எண்கள் எல்லாம் விழுகின்றன, ஸ்டார்ட் மட்டும் கேட்கவில்லை என்பதுதான் பெருவாரியான புகார். இங்கே உடனே பட்டன் மேல் பழி போடக்கூடாது. கதவு சரியாக மூடியிருக்கிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். கதவிலுள்ள கொக்கிகள் உள்ளே போய் அழுத்துவதற்கென்றே வழக்கமாக மூன்று சிறு சுவிட்சுகள் இருக்கும். அவற்றில் ஒன்று மக்கர் பண்ணினாலும் ஸ்டார்ட் எடுபடாமல் போகலாம். கதவைத் திறந்தால் திரையில் ஏதாவது மாறுகிறதா, உள்விளக்கு எரிகிறதா என்று கவனியுங்கள். கதவை லேசாகத் தூக்கியோ அழுத்தியோ பிடித்தபடி ஸ்டார்ட்டைத் தட்டிப் பாருங்கள். அப்போது மட்டும் ஓடினால் கோளாறு கதவில். அப்படிப் பிடித்துக்கொண்டே சமைக்க வேண்டாம். சுவிட்சையோ கொக்கியையோ மாற்றச் சொல்லுங்கள். உங்கள் மாடலில் '30 விநாடி' என்று தனிப் பட்டன் இருந்து, அதைத் தட்டினால் அவன் ஓடுகிறது என்றால் கதவும் போர்டும் நன்றாகவே இருக்கின்றன, ஸ்டார்ட் பட்டன்தான் குற்றவாளி.

இதற்கு நேர் எதிரான வியாதி ஒன்று உண்டு. யாரும் தொடாமலே பீப் அடிக்கும். நடுராத்திரியில் திரையில் எண்கள் ஏறும். சாம்சங் மாடல்களில் 'எஸ்இ' என்ற பிழைக் குறியீடு வரும். ஏதோ ஒரு பட்டன் அழுத்தியபடியே நிற்கிறது என்று பொருள். காரணம் பெரும்பாலும் ஈரம். வெள்ளிக் கோடுகளுக்கு இடையே ஈரம் புகுந்து, மின்சாரமும் இருக்கும்போது, வெள்ளி அயனிகள் ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு நகர்ந்து, இடையே மயிரிழை போன்ற கிளைகளாக வளரும். இரண்டும் தொட்டுவிட்டால் பட்டனை அழுத்தியதாகவே சிப் எடுத்துக்கொள்ளும். கடலோர ஊர்களில், அதுவும் குக்கர் ஆவி நேராக முகத்தில் அடிக்கும் இடத்தில் அவனை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை வர வாய்ப்பு அதிகம். இப்படி நடந்தால் யோசிக்காமல் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். உள்ளே ஒன்றும் இல்லாமல் அவன் தானாக ஓடினால், நுண்ணலையை உண்டாக்கும் மேக்னட்ரானுக்கே ஆபத்து.

கரப்பான் பூச்சியை விட்டுவிட்டால் கட்டுரை பூர்த்தியாகாது. போர்டின் கதகதப்பும் இருட்டும் அதற்கு ரொம்பப் பிடிக்கும். அதன் எச்சம் கனெக்டரில் விழுந்தால் பட்டன்கள் கண்டபடி ஆடும். அவன் வாங்கியவர் கரப்பான் மருந்தும் வாங்குவது நல்லது.

சரி, கழற்றி நாமே பார்க்கலாமா? கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. பெரும்பாலான மாடல்களில் பேனலை எடுக்க மேல்மூடியைத் திறந்தாக வேண்டும். உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் இரண்டாயிரம் வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் தேங்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே இருக்கக்கூடும். அதை வடிப்பதற்கென்று ரெசிஸ்டர் உண்டுதான்; அது கெட்டிருந்தால் வெளியே தெரியாது. மூடியைத் திறந்து தெரியாமல் கைவைத்தால் ஆளைக் கொல்லக்கூடிய வீட்டுச் சாதனம் இது. கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்யத் தெரிந்தவர் திறக்கட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது, அவர் திறக்கும்போது பக்கத்தில் நின்று சரியான கேள்வியைக் கேட்பது. "நாடாவைக் கழற்றி மல்டிமீட்டர் வெச்சுப் பாத்தீங்களா தம்பி?" என்று கேளுங்கள். நாடாவின் முனைகளில் மீட்டரை வைத்துப் பட்டனை அழுத்தினால், நல்ல பட்டன் ஒரு ஜோடி முனைகளுக்கு இடையே சில நூறு ஓமுக்குள் காட்டும். கெட்ட பட்டன் ஒன்றும் காட்டாது, அல்லது ஆயிரக்கணக்கில் தாவும். ஐந்து நிமிட வேலை. மெம்பரேனா போர்டா என்ற வழக்கு அங்கேயே முடிந்துவிடும். டார்ச் அடித்து நாடாவையும் பாருங்கள். மினுமினுக்கும் கோடுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அதுதான் ஆள். அழிரப்பரால் பரபரவென்று தேய்க்க விடாதீர்கள். அந்த மை மிக மெலிது. அழுக்கோடு கோடும் போய்விடும். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடைத்தால் போதும்.

புது மெம்பரேன் தேடிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனாலும் ஆன்லைனில் தேடினாலும், அவனில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள முழு மாடல் எண் கையில் இருக்க வேண்டும். முடிந்தால் பழைய தாளையும் எடுத்துப் போங்கள். முகம் ஒரே மாதிரி இருந்து, நாடாவில் முனைகளின் எண்ணிக்கை மாறியிருக்கும் மாடல்கள் உண்டு. கண்ணாடி டச் பேனல் வைத்த புது மாடல்களின் கதை வேறு. அவற்றில் தேய்வதற்கு எதுவும் இல்லை, ஆனால் ஈரக் கையையும் ஆவியையும் கண்டால் குழம்பும். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத் தொட்டால் பெரும்பாலும் சரியாகும்.

1967-ல் அமெரிக்காவின் அமானா நிறுவனம் வீட்டுச் சமையலறை மேடைக்கென்று விற்ற மைக்ரோவேவ் அவனில் இந்த மெம்பரேன் தொல்லையே இல்லை. நேரம் வைக்கத் திருகும் குமிழ்தான். இன்றைக்கும் இரண்டு குமிழ் மட்டும் வைத்த சாதா மாடல்கள் கடைகளில் கிடைக்கின்றன. சாதம் சூடு பண்ண, பால் காய்ச்ச மட்டும்தான் அவன் என்றால் என் ஓட்டு அதற்குத்தான்.

இருக்கும் அவனுக்கு உத்தரவாதம் முடியவில்லை என்றால் வெளியாள் யாரையும் திருகாணியில் கைவைக்க விடாதீர்கள். மேக்னட்ரானுக்குக் கூடுதலாகச் சில ஆண்டுகள் தரும் நிறுவனங்கள்கூட பட்டனுக்கு அதைத் தருவதில்லை, கார்டைப் படித்துப் பாருங்கள். உத்தரவாதம் முடிந்திருந்தால், எந்தப் பாகம் கெட்டது, அதன் விலை எவ்வளவு, கூலி எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24-ல் பழுதுபார்ப்பு உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. வீட்டு உபயோகச் சாதனங்களும் அதில் வருகின்றன. உதிரிபாகம் தர மறுத்து, புதுசு வாங்கச் சொல்லி விரட்டினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிட்டுப் புகார் கொடுங்கள்.