“சிரித்துக்கொண்டே பேனாவை நீட்டுங்க!” பழைய மாடி வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் கவனிக்க...

சென்னை திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கம் பழைய மாடிக் கட்டிடங்களில் “டு-லெட்” போர்டு தொங்கினால் போதும், ஆட்கள் படியேறி விடுகிறார்கள். ஒரு பெட்ரூம் வீடு என்றால் கேட்கவே வேண்டாம்!

“எத்தனை பேர் சார்? சைவமா? ஊரிலேருந்து ஆளுங்க அடிக்கடி வருவாங்களா?” என்று வீட்டுக்காரர் கேட்பார். குடிவருகிறவர் கேட்க வேண்டியதும் உண்டு.

தண்ணி வருமா?

மெட்ரோ தண்ணி எத்தனை மணிக்கு? போர் தண்ணி உப்பா? கரண்டுக்குத் தனி மீட்டரா, வீட்டுக்காரர் கணக்கா? மேல்மாடி என்றால் கூரையில் மழை ஒழுகிய கறையைப் பார்க்கணும். ஒரு மூலையில் மட்டும் புது வெள்ளை அடித்திருந்தால் உஷார்!

அட்வான்ஸ் தலைவலி

பழைய வீட்டு அட்வான்ஸ் வந்தால்தான் புது வீட்டுக்குக் கொடுக்க முடியும். வீட்டுக்காரரோ, “அடுத்த ஆள் வரட்டும் சார், தர்றேன்” என்பார். சாமான் வண்டி வாசலில் நிற்கும்!

10 மாத அட்வான்ஸ் சென்னையின் பழைய வழக்கம். 2019 பிப்ரவரி 22-ல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கியைக் கழித்துக்கொண்டு திருப்பித் தரணும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்யணும்.

எனவே எத்தனை மாதம் என்று எழுதியிருக்கிறது எனப் படித்துவிட்டே கையெழுத்து!

“பேப்பரெல்லாம் எதுக்கு? நாம என்ன அன்னியமா?” என்று வீட்டுக்காரர் சிரித்தால், குடிவருகிறவரும் சிரித்துக்கொண்டே பேனாவை நீட்டலாம்!