வாடகைக் கப்பலில் துருவப் பயணம்

திருப்பூர் நல்லூரில் ஒரு ஜாப் ஒர்க் யூனிட். ஐரோப்பியக் குளிருக்குப் போகும் ஃப்ளீஸ் ஹூடிகள் பேட்லாக் மிஷினிலிருந்து ஒவ்வொன்றாக வந்து விழுகின்றன. கைமடி அம்மா ஒருவர் பிசிறு வெட்டி அடுக்குகிறார். யூனிட்காரர் சொன்னார்: “வாடகை மிஷினை நம்பி ஷிப்மென்ட்டுக்குத் தேதி சொல்லக் கூடாதுங்க. மிஷின்காரர் கேட்டா குடுத்துத்தான் ஆகோணும்.”

துருவ ஆராய்ச்சியை நம் அரசு நடத்தும் விதத்தைப் படித்துவந்த எனக்கு, அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது.

அண்டார்க்டிகா வேலையும் கிட்டத்தட்ட திருப்பூர் பாணிதான். திட்டமும் பணமும் டெல்லியில், புவி அறிவியல் அமைச்சகத்திடம். நடத்திக் கொடுப்பது கோவாவில் 1998-இல் தொடங்கிய தேசிய துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையம். ஆய்வு பல கைகளில்: பாறைக்குப் புவியியல் துறை, காற்றுக்கும் மழைக்கும் வானிலைத் துறை. 2014-இல் ஆர்க்டிக் கடலுக்குள் இறக்கிய ‘இண்டார்க்’ கருவியில் சென்னை தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் உழைப்பும் உண்டு.

இந்த அமைப்பை நான் குறை சொல்ல மாட்டேன். முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரி பனியில் புதையப் புதைய, 1989-இல் மைத்ரி எழுந்துவிட்டது, 2012-இல் பாரதி. என் கவலையெல்லாம் கப்பல்தான்.

1981 டிசம்பர் 6 அன்று 21 பேருடன் கோவாவிலிருந்து கிளம்பிய முதல் பயணம் நார்வேக் கப்பலில், வாடகைக்கு. நாற்பது ஆண்டு கடந்தும் அதே வாடகைதான். பனி இளகும் சில மாதங்களுக்குள் டீசல், அரிசி, பருப்பு, ஜெனரேட்டர் உதிரி என எல்லாம் போய் இறங்க வேண்டும். தவறினால், இருட்டிலும் பனிப்புயலிலும் நிலையத்தைக் காக்கும் டாக்டரும் மெக்கானிக்கும் சமையல்காரரும் கையிருப்பை எண்ணி எண்ணித்தான் குளிர்காலத்தைக் கடத்த வேண்டும்.

ஜெர்மனி 1982-லேயே சொந்தக் கப்பல் விட்டது. தென் கொரியா 2009-இல். சீனாவிடம் ஒன்றுக்கு மேல் உண்டு. ஆண்டில் சில மாதமே ஓடும் கப்பலுக்கு இத்தனை கோடியா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கடலாராய்ச்சிக்கு ஓட்டினால் மீதி மாதமும் அது சும்மா நிற்காது.

நம் கப்பலுக்கு மத்திய அமைச்சரவை 2014-லேயே ஒப்புதல் கொடுத்தது. உள்நாட்டிலேயே கட்ட, நார்வே நிறுவனத்தோடு வடிவமைப்புக்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது 2025-இல். இடையில் பதினோரு ஆண்டு. இனியாவது அந்தக் கப்பல் நீரில் இறங்கும் தேதியை அரசு நாட்டுக்குச் சொல்ல வேண்டும். சொன்ன தேதியில் இறக்கவும் வேண்டும்.