மரபணுப் பாடமும் வெட்டிணைப்பும்

ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் வரையறுக்கும் தொழிலிற் பழகியோர்க்கு இடைச்செருகல் என்னும் சொல் புதிதன்று. ஆசிரியன் எழுதாத பகுதி பின்னாளில் நூலுட் புகுந்ததாயின், அதனைக் கண்டு விலக்குதல் பதிப்பாசிரியன் கடன். உயிரணுவின் உட்கருவிலும் இதனையொத்த தொழிலொன்று இடையறாது நிகழ்கின்றது. அது பிறழ்ந்தவழிப் புற்றுநோய் முதலியன தோன்றுதலும் உண்டு. ஆங்கு நீக்கப்படும் பகுதியை இடைச்செருகல் என்று கருதுதல் நம்மனோர்க்கு எளிதாயினும் பொருந்தாது என்பதே ஈண்டு யாம் காட்டப் புகுவது. அதற்குத் துணையாவன, உருகுவே நாட்டிற் பிறந்து அமெரிக்காவிலுள்ள கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி நிகழ்த்திவரும் ஏட்ரியன் கிரெய்னர் என்பாரின் ஆய்வுகள்.

மரபணு என்பது டி.என்.ஏ. என்னும் நெடிய இழையின் ஒரு பகுதி. அவ்விழை நான்கே எழுத்துக்களால் ஆயது. புரதமொன்றை ஆக்க வேண்டுங்கால், உயிரணு உரிய மரபணுவை ஆர்.என்.ஏ. என்னும் வேறோர் இழையிற் படியெடுக்கின்றது. அப்படியினைக் கொண்டே புரதம் ஆக்கப்படுகின்றது. மரபணு இவ்வாறு பயன்படுதலை மரபணு வெளிப்பாடு என்பர். படியானது மூலத்தை எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கும் என்றே முன்னர்க் கருதினர். 1977இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பிலிப் ஷார்ப் குழுவினரும், கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் ரிச்சர்டு ராபர்ட்ஸ் முதலியோரும் இக்கருத்தை மாற்றினர். அடினோ வைரசின் டி.என்.ஏ.யோடு அதன் முதிர்ந்த ஆர்.என்.ஏ.யைப் பொருத்தி மின்னணு நுண்ணோக்கியில் நோக்கியபோது, டி.என்.ஏ. இடையிடையே வளையமாகப் புறத்தே நின்றது. வளையமாய் நின்ற பகுதிக்கு ஒத்த எழுத்துக்கள் முதிர்ந்த படியில் இல்லை. அவை வெட்டப்பட்டு, எஞ்சியவை இணைக்கப்பட்டிருந்தன. இக்கண்டுபிடிப்பிற்காக ஷார்ப், ராபர்ட்ஸ் இருவரும் 1993இல் நோபல் பரிசு பெற்றனர்.

படியில் நிலைபெறும் பகுதிக்கு எக்ஸான் என்றும், நீங்கும் பகுதிக்கு இன்ட்ரான் என்றும் 1978இல் வால்ட்டர் கில்பர்ட் பெயரிட்டார். இத்தொழிலின் ஆங்கிலப் பெயர் மாலுமிகளின் வழக்கினின்று வந்தது; இரு கயிறுகளின் புரிகளைப் பிரித்துப் பின்னி ஒன்றாக்குதலை அவர்கள் அச்சொல்லாற் குறித்தனர். யாம் வெட்டிணைப்பு என்கின்றோம். புணர்ச்சி என்னும் இலக்கணச் சொல்லை ஆளலாமே எனின், புணர்ச்சியிற் கெடுவது ஓரெழுத்து அல்லது சில எழுத்து. ஈண்டோ நீங்குவன பல்லாயிரம். டிஸ்ட்ரோஃபின் என்னும் தசைப் புரதத்தின் மரபணு இருபது இலட்சத்திற்கு மேற்பட்ட எழுத்துக்களை உடையது. அதன் 79 எக்ஸான்களும் இணைந்த முதிர்ந்த படியோ ஏறத்தாழ 14,000 எழுத்துக்களே உடையது. நூற்றுக்கு ஒரு பங்கும் எஞ்சவில்லை என்பது காண்க.

எங்கு வெட்டுவது என்பதை உயிரணு எவ்வாறு அறியும்? இன்ட்ரான்கள் பெரும்பாலும் ஜி, யு என்னும் ஈரெழுத்தில் தொடங்கி, ஏ, ஜி என்னும் ஈரெழுத்தில் முடிகின்றன. ஆனால் இவ்வெழுத்துச் சேர்க்கைகள் படியில் யாண்டும் பயில்வன. அடையாளத்திற்கு இவை மட்டும் போதா. வெட்டிணைக்கும் பொறியோ ஐந்து சிறு ஆர்.என்.ஏ.க்களும் நூற்றுக்கு மேற்பட்ட புரதங்களும் கூடியது. அதனை உரிய இடத்திற்கு அழைத்து வரும் துணைப் புரதங்கள் வேறு உள. இத்துணைப் புரதங்களின் அளவு வேறுபடின் வெட்டுமிடமும் வேறுபடும்; ஒரே மரபணுவினின்று வெவ்வேறு பாடங்கள் பிறக்கும். பி.சி.எல்.-எக்ஸ் என்னும் மரபணுவை இதற்குச் சான்றாகக் காட்டலாம். அதன் நீண்ட பாடம் ஆக்கும் புரதம் உயிரணுவைச் சாவினின்று காப்பது; குறும்பாடம் ஆக்குவதோ சாவிற்குத் துணைபோவது. ஒரு மரபணுவே காப்பும் அழிவுமாக நிற்றலை நோக்குங்கால், பாடவேறுபாடு என்பது நம் துறையிற்போல் இங்குப் பிழையின் விளைவன்று என்பது புலனாம்; அது முறையான ஆட்சியே.

அவ்வாட்சி நிலைகுலைதலைப் புற்றுநோயிற் காண்கிறோம். எஸ்.ஆர்.எஸ்.எஃப்.1 என்பது, கிரெய்னர் முதலியோர் 1990ஆம் ஆண்டையொட்டிப் பிரித்தறிந்த துணைப் புரதம். இதன் அளவைச் சிறிது மிகுவித்த அளவிலேயே ஆய்வுக்கூடத்து எலியினத்து உயிரணுக்கள் புற்றுத்தன்மை எய்தின என்றும், எதிர்ப்பாற்றலற்ற சுண்டெலிகளில் அவை கட்டிகளாக வளர்ந்தன என்றும் அவர் குழுவினர் 2007இல் காட்டினர். பின்1 என்னும் மரபணு இயல்பாகக் கட்டி வளர்தலைத் தடுப்பது. இப்புரதம் மிகுந்தவழி அதன் தடுக்கும் பாடம் குன்றி, தடுக்கமாட்டாத பாடம் தோன்றியது. ஈண்டுப் பின்1 மரபணுவின் ஓரெழுத்தும் மாறவில்லை என்பதை வற்புறுத்த விரும்புகிறோம். மூலம் செவ்விதாயிருப்பவும், பாடம் அமைத்தவன் செயலாற் பொருள் கெட்டது. பொறியின் உறுப்பே பழுதுறுதலும் உண்டு. குருதியாக்கம் குறைபடும் மயலோடிஸ்பிளாஸ்டிக் நோய்களுள், எஸ்.எஃப்.3பி1 என்னும் உறுப்பின் மரபணு பலரிடம் மாறியிருத்தல் 2011இல் வெளியாயிற்று.

இனி, எம் கருத்திற்கு அரணான சான்றிற்கு வருவோம். அது புற்றுநோயன்று, குழந்தைகளைப் பற்றும் முதுகுத்தண்டுவடத் தசைநலிவு நோய். எஸ்.எம்.என்.1 என்னும் மரபணு இழக்கப்படுதலால் இயக்க நரம்பணுக்கள் அழிய, தசைகள் நலிகின்றன; கடுமையான வகையில், மருத்துவம் இல்வழிக் குழந்தைகள் பெரும்பாலும் ஈராண்டிற்குள் இறந்துபடும். இந்நோயுற்றோர்க்கும் எஸ்.எம்.என்.2 என்னும் இரட்டை மரபணு எஞ்சி நிற்கின்றது. அதன் ஏழாம் எக்ஸானில் ஆறாம் எழுத்து சி என்பதற்கு மாறாக டி என்று உளது. இம்மாற்றத்தாற் புரதத்தின் பொருள் சிறிதும் வேறுபடாது. இரண்டும் ஒரே அமினோ அமிலத்தையே குறிக்கும். அங்ஙனமாகவும் அவ்வெக்ஸான் பெரும்பாலும் முற்றாக விடுபட்டுப் போகின்றது! எஸ்.ஆர்.எஸ்.எஃப்.1 பற்றுமிடம் சிதைதலே காரணம் என்று 2002இல் கிரெய்னர் குழுவினர் காட்டினர். தடைசெய்யும் பிறிதொரு புரதம் பற்றுதற்கு இடமுண்டாதலே காரணம் என்பாரும் உளர். பொருள்மாறாப் பாடபேதம் எனப் பதிப்பாசிரியர் அடிக்குறிப்பில் ஒதுக்கும் ஓரெழுத்து, உயிரை ஒதுக்கிவிடுகின்றது.

இதற்கு மருந்து எங்கிருந்து வந்தது? ஏழாம் எக்ஸானை அடுத்த இன்ட்ரானில், அவ்வெக்ஸானை ஏற்கவொட்டாது தடுக்கும் ஓரிடம் உண்டு என்று 2006இல் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ரவீந்திர சிங் குழுவினர் கண்டனர். கிரெய்னரும், ஐயோனிஸ் மருந்து நிறுவனத்து ஃபிராங்க் பென்னட்டும் அவ்விடத்தைப் பொருந்தி மறைக்கும் 18 எழுத்துத் துணுக்கொன்றை உருவாக்கினர். தடை மறைந்தவழி எக்ஸான் இணைந்து, முழுப்புரதம் பிறந்தது. நூசினெர்சென் என்னும் பெயருடைய அம்மருந்தைத் தண்டுவட நீரிற் செலுத்துவர். 2016 திசம்பரில் அமெரிக்க அரசு அதற்கு இசைவளித்தது.

இன்ட்ரான் இடைச்செருகலாயின் அதன்கண் இத்தகைய கட்டளை இருத்தல் எங்ஙனம்? நீங்கப்போகும் பகுதியே, நிலைபெறுவது யாது என்பதை வரையறுக்கும் பகுதியாகவும் நிற்கின்றது. ஆதலின் அதனை விடுபகுதி என்று வழங்குவது தகும்; வீண்பகுதி, இடைச்செருகல் முதலிய பெயர்கள் மாணவரைப் பிழைபட உணர்த்தும்.

இம்முறை புற்றுநோய்க்கும் அவ்வாறே பயன்படுமோ எனின், ஈண்டு வேறுபாடு பெரிது. தசைநலிவு நோயில் திருத்தற்குரியது ஒரு மரபணுவின் ஓர் எக்ஸான். எஸ்.ஆர்.எஸ்.எஃப்.1 மிகுந்த கட்டியிலோ பல மரபணுக்களின் பாடங்கள் ஒருங்கே பிறழ்கின்றன. அவற்றுள் எப்பாடத்தைத் திருத்தின் கட்டி அடங்கும் என்பது புற்றுநோய் வகைதோறும் தனித்தனி ஆராய்தற்குரியதாக உள்ளது.