மரக்கறியைப் பொதியிடுதலும் மலைநாட்டு மண்ணும் நீரும்



நுவரெலியா, கந்தப்பளை, இராகலை, தலவாக்கலை, ஹட்டன் பகுதிகளில் நீங்கள் விளைவிக்கும் கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி ஆகியன நாடெங்கும் செல்கின்றன. நாற்றுக்கும் உரத்துக்கும் நீரிறைப்புக்கும் காட்டும் கவனத்தை, விளைந்ததை எதில் அடைத்து அனுப்புகிறோம் என்பதில் நம்மிற் பலர் காட்டுவதில்லை. அடைக்கும் பை சரியில்லாதவிடத்து இருவகை நட்டம் நேர்கிறது. மரக்கறி வழியிலேயே பழுதாகிறது; பையோ மண்ணிலும் நீரிலும் குப்பையாகத் தங்குகிறது. இவ்விரண்டையும் ஒருங்கே குறைக்கும் வழியை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகிறது.

உரப்பையில் அடைத்த மரக்கறிக்கு நேர்வது என்ன?

பறித்த பின்னரும் மரக்கறிக்கு உயிருண்டு. அது மூச்சுவிடுகிறது, அப்போது வெப்பமும் ஈரமும் வெளியாகின்றன. வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயர்ந்தால், அம்மூச்சு ஏறக்குறைய இருமடங்காகவோ அதற்கு மேலாகவோ பெருகும். 1,800 மீற்றருக்கும் அதிகமான உயரத்திலுள்ள நுவரெலியாவின் குளிரிற் பறித்த கோவா, ஒரே இரவில் கொழும்பின் வெக்கைக்கு இறங்குகிறது. உரப்பையில் இறுக்கி அடைத்து, வாயைத் தைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக லொறியில் அடுக்கினால், உள்ளே தோன்றும் சூடு வெளியேற வழியில்லை. அடியிலுள்ள மரக்கறி மேலுள்ள பாரத்தால் நசுங்குகிறது. நசுங்கிய இடத்திலேயே அழுகல் தொடங்குகிறது.

இலங்கையில் சந்தைக்குச் செல்லும் மரக்கறியிலும் பழங்களிலும் 30 முதல் 40 வீதம் வீணாகிறது என்பது நெடுங்காலமாகக் கூறப்பட்டுவரும் கணிப்பாகும். வீணாவது மரக்கறி மட்டுமன்று. அதனை விளைவிக்க இட்ட உரமும், பாய்ச்சிய நீரும், லொறி எரித்த எரிபொருளும், உங்கள் உழைப்பும் சேர்ந்தே வீணாகின்றன. ஆதலால், விளைவைக் காக்காத பொதி எவ்வளவு மலிவானதாயினும் மண்ணுக்குப் பெருங்கேடே ஆகும்.

எறிந்த பை எங்கே போகிறது?

கிழிந்த உரப்பையும் பொலித்தீன் உறையும் பாத்தியோரத்தில் எறியப்பட்டால், முதல் மழையிலேயே வடிகாலை அடைகின்றன. சரிவு நிலத்தில் வடிகால் அடைபட்டால் வெள்ளம் வரம்பை உடைத்து மேல்மண்ணை அரித்துச் செல்லும். மீதிக் குப்பை ஓயாவிற் சேரும். நானு ஓயாவின் நீர் கொத்மலை ஓயாவிற் கலந்து மகாவலியை அடைகிறது. கீழ்நாட்டு நெல்வயல்கள் அந்நீரையே நம்பியுள்ளன. வெயிலில் நொறுங்கும் பிளாஸ்டிக் அழிந்துவிடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத துகள்களாகி மண்ணிலே தங்குகிறது.

எரித்துவிடலாம் என எண்ணுதல் தவறு. பிளாஸ்டிக்கை எரிக்கும்போது எழும் நச்சுப்புகை லயன்களிலும் வீடுகளிலும் உள்ள குழந்தைகளின் மூச்சிற் சேரும். 2017 ஏப்ரலில் மீத்தொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவ்வாண்டு செப்டெம்பரில் 20 மைக்குரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீன், பொலித்தீன் லஞ்ச் சீட், ரெஜிபோம் உணவுப்பெட்டி ஆகியன தடைசெய்யப்பட்டன. பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரித்தலும் தடைசெய்யப்பட்டது. 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல், கரண்டி, இடியப்பத் தட்டு முதலியனவும் தடைப்பட்டியலிற் சேர்ந்தன.

திரும்பி வரும் கூடையே சிறந்தது

காற்றோட்டமுள்ள, அடுக்கத்தக்க பிளாஸ்டிக் கூடையே தொலைதூரச் சந்தைக்கு ஏற்றது. அதுவும் பிளாஸ்டிக்தானே என நீங்கள் கேட்கலாம். உண்மையே, எனினும் உரப்பை சில தடவைகளிற் கிழிந்து குப்பையாகிறது. நல்ல கூடையோ பல ஆண்டுகள் உழைக்கும். மேற்கூடையின் பாரத்தைக் கீழ்க்கூடையின் சட்டமே தாங்குவதால் மரக்கறி நசுங்குவதில்லை.

2011ஆம் ஆண்டின் இறுதியில் மரக்கறியைக் கூடைகளிலேயே ஏற்றவேண்டுமென அரசு விதித்தபோது, தம்புள்ளை முதலிய இடங்களிற் கடும் எதிர்ப்பெழுந்து, விதி தளர்த்தப்பட்டது. அவ்வெதிர்ப்புக்குக் காரணம் இல்லாமலில்லை. கூடையின் விலை அதிகம். லொறியில் இடம் அதிகம் பிடிக்கும். வெறுங்கூடை திரும்பி வருமென்ற உறுதியும் இல்லை. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது முதுமொழி. ஆயினும் இவ்விடயத்திற் கணக்குப் பார்த்தே ஆகவேண்டும். உரப்பையின் விலையோடு, சந்தையிற் கழித்துவிடும் எடையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கூடையின் விலையைத் தனித்துச் சுமக்காமல், கமக்காரர் அமைப்பின் மூலம் பொதுவில் வாங்குங்கள். வெறுமையாகும்போது ஒன்றினுள் ஒன்று அடங்கும் வகையைத் தெரிந்தெடுத்தால், திரும்பிவரும் லொறியில் அவை பிடிக்கும் இடம் குறையும்.

செய்யவேண்டியவை

1. மென்மையான தக்காளி, கறிமிளகாய், போஞ்சி ஆகியவற்றை முதலிற் கூடைக்கு மாற்றுங்கள். உருளைக்கிழங்கு போன்ற கடினமானவற்றை வலைப்பையில் அனுப்பலாம்; அப்பையையும் திரும்பப் பெறுங்கள்.

2. காலை வேளையிற் பறித்து, நிழலில் ஆறவைத்து, பழுதானவற்றைத் தோட்டத்திலேயே கழித்துக் கூட்டெருவுக்கு இடுங்கள்.

3. கோவாவின் வெளியிலைகள் இரண்டு மூன்றை நீக்காமல் விடுங்கள். அவையே இயற்கை தந்த உறை.

4. கழுவிய கரட்டை நீர் வடிந்து உலர்ந்த பின்னரே அடையுங்கள். ஈரத்தோடு அடைத்தால் அழுகும்.

5. கூடையை விளிம்புக்கு மேல் நிரப்பாதீர்கள். அடியில் தாள் விரியுங்கள். லொறித் தளத்தில் வைக்கோல் பரப்பினால் குலுக்கம் குறையும்.

6. கூடைகளில் அமைப்பின் பெயரை நிறப்பூச்சால் எழுதி, ஏற்றியதையும் திரும்பியதையும் குறிப்பேட்டிற் பதியுங்கள். திரும்பிய கூடைகளைக் கழுவி வெயிலிற் காயவையுங்கள்.

7. லீக்ஸ் கட்டுவதற்குப் பொலித்தீன் நாடாவை விட்டு வாழைநாரைப் பயன்படுத்துங்கள்.

8. பூச்சிநாசினி வந்த போத்தலிலோ பையிலோ உணவுப்பொருள் எதனையும் வைக்கலாகாது. வெறும் போத்தலை மும்முறை அலசி, அந்நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றி, போத்தலைத் துளையிட்டுவிடுங்கள்.

நெற் கமக்காரர்க்கு

நெல்லை 13 வீத ஈரப்பதன் வரை உலர்த்தி, சணற்சாக்கில் அடைத்து, நிலத்திற்படாமல் மரத்தட்டின்மேல் அடுக்குங்கள். சணற்சாக்கு காற்றை விடும். தைத்துத் தைத்துப் பயன்படுத்தலாம். இறுதியில் மண்ணோடு மக்கிவிடும்.

வீட்டில்

வேலைக்குக் கொண்டுசெல்லும் ரொட்டியையும் சோற்றையும் வாழையிலையிற் சுற்றுங்கள், அல்லது மூடியுள்ள பாத்திரத்தில் எடுத்துச் செல்லுங்கள். கடைக்குப் போகும்போது துணிப்பையோடு செல்லுங்கள். சொப்பிங் பைகள் வீட்டிற் சேரா.

கமக்காரர்களே, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுதல் இயலாது. வரும் போகத்தில் ஒரு பயிரின் விளைவை மட்டுமேனும் கூடையில் அனுப்பிப் பாருங்கள். உரப்பையில் அனுப்பியதற்கும் அதற்கும் கழிவு எடை எவ்வளவு வேறுபடுகிறதென நீங்களே எழுதிவையுங்கள். அவ்வெழுத்தே உங்களுக்கு உண்மையை உரைக்கும். மேலதிக விளக்கத்துக்கு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை நாடுங்கள். அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்தில் விசாரியுங்கள்.